ஐயம் சான்றாகுமா? டஃப் ஹவுஸ் வழக்கும் மேன்முறையீட்டு உரிமையும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை மாணாக்கர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பதுளைக்கு மேலுள்ள தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வந்து பயிலும் மாணவனொருவன் எழுந்து, “சேர், கோவலனுக்கு அப்பீல் இருந்திருந்தால் மதுரை எரிந்திராது அல்லவா?” என்று வினவினான். வகுப்பு நகைத்தது. நானும் நகைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அன்று மாலை வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விட்டகலவில்லை. இருபது ஆண்டுகளாக அக்காதையைக் கற்பித்து வருகின்றேன். அதனை ஒரு கொலைத் தண்டனையின் மேன்முறையீடாக நோக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை.

நோக்குவோமாயின் யாவும் அங்கே உள. குற்றஞ்சாட்டியவன் ஒரு பொற்கொல்லன். உண்மைக் கள்வனும் அவனே. மன்னன் அந்தப்புரம் நாடிச் செல்லும் வழியில் அவன் சொல்லைக் கேட்டான், எதிர்வழக்காடுவோனைக் கேட்டிலன். கொல்லுதற்காகக் கொண்டுவருமாறு கூற எண்ணியவன், வாய்தவறிக் கொன்றபின் கொண்டுவருமாறு கூறிவிட்டான் என உரை கூறுவாரும் உளர். கோவலன் கையில் சிலம்பொன்று இருந்தது என்பது உண்மை. அது அரசியின் சிலம்பு என்பது ஐயம். ஐயமே சான்றாகக் கொள்ளப்பட்டது. கண்ணகி அரசவை புகுந்து செய்தது யாது? தன் சிலம்பின் உள்ளிடு பொருள் யாதென முன்னரே கூறி, அதனை உடைத்துக் காட்டினாள். அழுகையாலன்றிப் பொருட்சான்றினாலேயே அவள் வழக்கை வென்றாள். மன்னனும் தன் தீர்ப்புத் தவறென ஏற்று உயிர் துறந்தான். ஆனால் மேன்முறையீடு வெற்றி பெற்றபோது, தண்டிக்கப்பட்டவன் உயிரோடு இல்லை. இக்குறையொன்றே அக்காதையின் துன்பம் முழுவதற்கும் காரணம்.

நமது நாட்டில், கொலைக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட ஒருவர் உயிரோடிருக்கையிலேயே அத்தீர்ப்பு மேன்முறையீட்டில் தள்ளுபடியான வழக்குகளுள் பெயர் பெற்றது, கொழும்பு டஃப் ஹவுஸ் வழக்கு. அதனைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன். கொழும்புச் செல்வர் வீட்டுக் கதை நம் மலைநாட்டுக் கல்லூரிக்கு எதற்கு என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள்க.

1933ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு பகத்தலை வீதியிலிருந்த டஃப் ஹவுஸ் என்னும் இல்லத்தில் லிலியன் ரொசலின்ட் செனவிரத்ன என்னும் மாது இறந்துகிடந்தார். இறப்புக்குக் காரணம் குளோரபோம் என்னும் மயக்க மருந்து. கணவர் ஸ்ரீபன் செனவிரத்ன கல்வியும் செல்வமும் வாய்ந்தவர். இருவர்க்குமிடையே மணவாழ்க்கை இனிதாக அமைந்திருக்கவில்லை. கணவனே மருந்தை முகர்வித்துக் கொன்றான் என்றது அரசுத் தரப்பு. தாமே மருந்தை நுகர்ந்து உயிர் துறந்தார் என்றது எதிர்த்தரப்பு. செயலைக் கண்ணாற் கண்டார் எவருமிலர். வீட்டு வேலையாட்களின் சொற்களும், மருத்துவ வல்லுநரின் ஒன்றோடொன்று முரணிய கருத்துகளும், குடும்பப் பிணக்கின் வரலாறுமே யூரர் முன் வைக்கப்பட்டன. 1934இல் யூரர் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது. தேசாதிபதி அதனை ஆயுட்காலச் சிறையாக மாற்றினார்.

இவ்விடத்து அக்காலச் சட்ட அமைப்பின் விந்தையொன்றைக் கூறுதல் வேண்டும். பொலிசு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ சிறு குற்றத்திற்காகச் சில மாதச் சிறை பெற்றவன் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால் உயர் நீதிமன்ற அமர்வில் யூரர் முன் விசாரிக்கப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்றவனுக்கு அத்தீர்ப்பின்மீது இலங்கையில் மேன்முறையீடே இல்லை! விசாரித்த நீதிபதி தாமாக விரும்பினால், சட்டப் பிரச்சினையொன்றை ஏனைய நீதிபதிகளின் ஆய்வுக்கென ஒதுக்கி வைக்கலாம். அவர் விரும்பாவிடின், எஞ்சியவை தேசாதிபதியின் கருணையும், ஏழு கடல் கடந்து இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் என்னும் கோமறைக் கழகமுமே. அக்கழகமோ, 1887இல் டில்லெட் என்பாரின் வழக்கில் வகுத்த நெறிப்படி, கொடிய அநீதி நிகழ்ந்தாலன்றிக் குற்ற வழக்குகளிற் கைவைப்பதில்லை. அங்கே செல்வதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும். இலண்டன் வழக்கறிஞர் வேண்டும். வழக்கேடு முழுவதையும் அச்சிட்டு அனுப்புதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொருள் வேண்டும். செனவிரத்ன குடும்பத்தாரிடம் அது இருந்தது.

யூரர் தீர்ப்பு பிழைபடாது என்னும் நம்பிக்கை இங்கிலாந்திலேயே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதனை அசைத்தவை இரு வழக்குகள். அடொல்வ் பெக் என்பவர் வேறொருவன் செய்த மோசடிகளுக்காக 1896இலும் 1904இலும் இருமுறை குற்றவாளியாக்கப்பட்டார். இந்தியப் பார்சி மரபினரான பாதிரியார் ஒருவரின் மகன் ஜோர்ஜ் எடல்ஜி, கால்நடைகளை வெட்டினார் என்று 1903இல் சிறையிடப்பட்டார். துப்பறியும் கதைகளால் நாம் அறிந்த ஆர்தர் கொனன் டொயில் அவர்க்காகப் பேனா பிடித்தார். இவற்றால் எழுந்த கிளர்ச்சியின் பின்னரே 1907இல் அங்கு குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுவப்பட்டது. அது நிறுவப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை அதன் ஆட்சிக்குட்பட்ட நம் தீவுக்கு அவ்வசதி வழங்கப்படவில்லை. ஆள்பவர் நாட்டில் தவறு நேரலாம் என ஒப்புக்கொண்டோர், ஆளப்படுவோர் நாட்டில் நேராது எனக் கருதினர் போலும்!

கோமறைக் கழகம் 1936இல் செனவிரத்னவின் மேன்முறையீட்டைக் கேட்டு, குற்றத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை வழங்கியவர் ரோச் பிரபு. அத்தீர்ப்பின் சாரத்தை விளங்கிக்கொள்வதற்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவை அறிதல் வேண்டும். இச்சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். 1872இல் இந்தியாவுக்கென இயற்றப்பட்ட சான்றுச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது. ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த செய்தியை நிறுவும் பொறுப்பு அவரையே சார்ந்தது என்பது 106ஆம் பிரிவின் கருத்து. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு எளியது. பயணச்சீட்டின்றிப் புகைவண்டியிற் சென்றதாக ஒருவன்மீது வழக்கு. தன்னிடம் சீட்டு இருந்தது என்று காட்டும் பொறுப்பு அவனுடையது. 1924 முதல் பதுளை நிலையத்தில் வந்திறங்கும் எவர்க்கும் இது விளங்கும். சீட்டு இல்லையென்பதை ஆயிரம் பைகளைச் சோதித்துப் புகைவண்டிப் பகுதியார் நிறுவ இயலாது. இருந்தால் பயணி ஒரு நொடியில் எடுத்து நீட்டிவிடலாம்.

இந்நியாயத்தைக் கொலை வழக்குக்குப் பொருத்தினால் என் செய்வது? மூடிய அறையினுள் மனைவி இறந்தாள். வீட்டில் கணவன் இருந்தான். நிகழ்ந்தது யாதென அவனுக்கே தெரியும். ஆகவே அவனே விளக்குக, விளக்காவிடின் அவனே கொலைஞன் என்று கூறுதல் முதற் பார்வைக்கு நியாயம் போலத் தோன்றும். நம்மூர் மரத்தடியிற் கூடும் பஞ்சாயத்துகளிலும் இவ்வாறே பேசக் கேட்டிருக்கின்றேன். ஆயின் இது முற்றிலும் புரட்டான வாதம். கொலை நிகழ்ந்ததா என்பதே ஐயத்திற்குரியதாக இருக்கையில், ‘கொலைஞனுக்கே அது தெரியும்’ என்று கூறுவது, நிறுவ வேண்டியதை முன்னரே நிறுவியதாகக் கொள்வதாகும். அவன் குற்றமற்றவனாயின், அவனுக்குத் தெரிந்தது யாதுமில்லை. தெரியாததை எங்ஙனம் விளக்குவான்? இலங்கையிலிருந்து சென்ற மற்றொரு வழக்காகிய ஆட்டிகல வழக்கிலும் அதே 1936இல் கோமறைக் கழகம் இதனைத் தெளிவுபடுத்தியது. குற்றம் எதுவும் நிகழவில்லை என்று நிறுவும் சுமையை எதிரியின் தோள்மேல் ஏற்றுவது இலங்கைச் சட்டமன்று என்பது அதன் முடிபு. செனவிரத்ன வழக்கில் அம்முடிபே பின்பற்றப்பட்டது. ஐயங்கள் எத்துணை இருப்பினும் அவற்றைக் கூட்டிப் பெருக்கிச் சான்றாக்குதல் இயலாது. பூச்சியங்கள் பத்தினைக் கூட்டினும் பூச்சியமே என்று என் கணித ஆசிரியர் கூறுவார்; ஈண்டும் அது பொருந்தும்.

அத்தீர்ப்பில் மற்றுமொரு கருத்து உண்டு. கண்ணிற்பட்ட சாட்சிகள் அனைவரையும், எண்ணிக்கையும் நம்பகமும் நோக்காது, அரசுத் தரப்பு அழைத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆயின் நிகழ்ச்சியின் தொடரை விரித்துரைப்பதற்கு இன்றியமையாத சாட்சிகளை அழைத்தே ஆகல் வேண்டும். இன்றும் இந்திய, இலங்கை நீதிமன்றங்களில் இக்கூற்று எடுத்தாளப்படுகின்றது. 106ஆம் பிரிவைப் பற்றி 1956இல் இந்திய உயர் நீதிமன்றம் சம்பு நாத் மெஹ்ரா வழக்கிற் கருத்துரைத்தபோது, எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகள் இவ்விரண்டு இலங்கை வழக்குகளே. சிறு தீவொன்றின் இரு வழக்குகள் பெருநாடொன்றுக்கு நெறி காட்டின என்பதை நம் மாணாக்கர் அறிதல் நன்று.

இதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1935இல், இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை வூல்மிங்டன் வழக்கைத் தீர்த்திருந்தது. ரெஜினல்ட் வூல்மிங்டன் இருபத்தொரு வயதுப் பண்ணைத் தொழிலாளி. தன்னை விட்டுத் தாய்வீடு சென்ற இளம் மனைவியைச் சுட்டான் என்பது வழக்கு. தன்னையே சுட்டுக்கொள்வதாக அச்சுறுத்துகையில் துப்பாக்கி தவறி வெடித்தது என்றான் அவன். கொன்றது ஒப்புக்கொள்ளப்பட்டமையால், அது தற்செயல் என நிறுவுதல் அவன் கடமை என்று நீதிபதி யூரர்க்குக் கூறினார்; மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பிரபுக்கள் சபையோ தள்ளுபடி செய்தது. குற்றத்தை நிறுவும் கடமை அரசுத் தரப்பினதே என்னும் நெறியை ஆங்கிலக் குற்றவியற் சட்டம் முழுவதிலும் ஊடோடும் பொன்னிழையாக சங்கி பிரபு வருணித்தார். நம் நோக்கிற்கு இவ்வழக்கில் முதன்மையானது வேறொன்று: அவன் ஒரு பண்ணைத் தொழிலாளி. நாட்கூலி பெறும் ஒருவனின் வழக்கு இங்கிலாந்தில் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிபீடம்வரை சென்று, உயிர் காத்தது.

அதே 1935இல், ஊவாத் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்த தொழிலாளியொருவன்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருப்பின் அவன் நிலை யாது? நீதவான் முன் ஆரம்ப விசாரணை நடைபெறும். பின்னர் உயர் நீதிமன்ற அமர்வு. வறியவனாயின் அரசு ஒரு வழக்கறிஞரைச் சிறு கட்டணத்துக்கு அமர்த்தும். யூரர் எழுவர், அவருள் ஐவர் ஒருப்பட்டாற் போதும். குற்றவாளியெனத் தீர்ந்தால், அவன் செல்லக்கூடிய நீதிமன்றம் இந்நாட்டில் எதுவுமில்லை. இலண்டன் என்னும் சொல்லை அவன் தேயிலைப் பெட்டியின்மீது எழுதியிருக்கப் பார்த்திருப்பான், எழுத்தறிந்தவனாயின் வாசித்துமிருப்பான்.

செனவிரத்ன விடுதலையாகி இரண்டாண்டுகளில், 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாற் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இலங்கையில் நிறுவப்பட்டது. அவ்வழக்கு ஒன்றே இதற்குக் காரணம் என்று கூற நான் துணியேன். எனினும், இந்நாட்டில் உயர்குடியிற் பிறந்த ஒருவரே யூரர் தவறினால் ஆயுட்காலச் சிறையிற் கிடக்க நேர்ந்தது என்பதை நாடே கண்ட பின்னர், மேன்முறையீடு வேண்டாவென வாதிடுதல் எளிதாயிருந்திராது. புதிய நீதிமன்றம் மூன்று வகையாற் குற்றத் தீர்ப்பைத் தள்ளலாம்: தீர்ப்பு நியாயமற்றது அல்லது சான்றினால் தாங்கப்படாதது; சட்டப் பிரச்சினையில் விசாரணை நீதிபதி தவறினார்; வேறு எவ்வகையிலேனும் நீதி தவறியது. செல்வரின் பணப்பையால் திறக்கப்பட்ட கதவு வறியவர்க்கும் திறந்து நின்றது என்று மகிழலாம். ஆனால் கதவு திறந்திருத்தல் வேறு, உள்ளே கேட்கப்படுதல் வேறு.

தோட்டங்களில் அப்பொழுது பெருங் கொந்தளிப்பு நிலவிற்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டான். அதே ஆண்டு நம் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்து வேலைநிறுத்தம் ஊவா முழுவதையும் அசைத்தது. 1941 மே மாதத்திற் புசல்லாவைப் பகுதியிலுள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை கொல்லப்பட்டார். அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட தொழிலாளருள் வீராசாமி, வேலாயுதன் ஆகிய இருவரையும் புதிய மேன்முறையீட்டு உரிமை காக்கவில்லை. 1942இற் கண்டி போகம்பறைச் சிறையில் அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். இவர்கள் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. மலையகத்தார் அவ்விருவர் பெயரையும் இன்றுவரை மறவாதிருப்பதற்குக் காரணம், அவ்விசாரணை தமக்குரிய மொழியிலும் தம்மையொத்தோர் முன்னும் நிகழவில்லை என்னும் எண்ணமே எனக் கருதுகின்றேன்.

மொழியைப் பற்றிச் சிறிது கூறாமல் இருக்க இயலவில்லை. தமிழாசிரியனின் குறையெனக் கொள்க. நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடைபெற்ற காலத்தில், துவிபாஷி ஒருவர் வாயிலாகவே தொழிலாளியின் சொல் நீதிபதியை அடைந்தது. துவிபாஷிகள் பலர் யாழ்ப்பாணத்தவர். தொழிலாளரோ திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தோரின் வழியினர். ‘அடித்துப் போட்டேன்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்க. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘போடு’ என்பது வினை முற்றுப்பெற்றதை மட்டும் உணர்த்தும் துணைவினை. சாப்பிட்டுப் போட்டேன், படித்துப் போட்டேன் என்பது போல. வேறு சில வழக்குகளில் ‘போட்டுவிட்டான்’ என்றாலே கொன்றுவிட்டான் என்பது பொருள். ‘அவரை அடித்துப் போட்டோம்’ என்றொருவன் கூறின், அஃது அடித்தோம் என்பதா, அடித்து வீழ்த்தினோம் என்பதா, அடித்துக் கொன்றோம் என்பதா? ஆங்கிலத்தில் இம்மூன்றும் வெவ்வேறு குற்றங்கள். மூன்றனுள் எதனைத் துவிபாஷி தெரிந்தெடுக்கின்றார் என்பது வழக்கேட்டிற் பதிவாவதில்லை. அவர் தெரிந்தெடுத்த ஆங்கிலச் சொல்லே பதிவாகும். மேன்முறையீட்டு நீதிபதிகள் காண்பது அவ்வேட்டை மட்டுமே. பாண்டியன் வாயில் ஒரு சொல் பிறழ்ந்ததால் கோவலன் மாண்டான் என்னும் உரையை நான் இளமையில் வெறும் உரைநயமென்றே கருதினேன். இப்பொழுது அவ்வாறு கருதுவதில்லை.

சதாசிவம் வழக்கை ஏன் கூறவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி 1949 ஒக்டோபரிற் கொலையுண்டார். சதாசிவம் இருபது மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்து, 1951இல் யூரரால் விடுதலை செய்யப்பட்டார். கொல்வின் ஆர். டி சில்வாவின் வாதமும் எடின்பரோவிலிருந்து வந்த பேராசிரியர் சிட்னி ஸ்மித்தின் சான்றும் அவர்க்குத் துணைநின்றன. அது குற்றத் தீர்ப்பே இல்லாத வழக்கு. எனவே நம் பொருளுக்குப் புறம்பானது. ஆனால் அங்கும் எடின்பரோவிலிருந்து வல்லுநரை வருவிக்கும் வசதி எத்தனை பேர்க்கு வாய்க்கும் என்னும் வினா எழுகின்றது.

மேன்முறையீட்டு நீதிமன்றமும் தவறும். இலண்டனில் டிமதி இவான்ஸ் என்னும் இளைஞன் தன் குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, மேன்முறையீடும் தள்ளப்பட்டு, 1950இல் தூக்கிலிடப்பட்டான். அவன் குடியிருந்த அதே வீட்டில் வாழ்ந்த கிறிஸ்டி என்பவன் தொடர்கொலைஞன் எனப் பின்னர் வெளிப்பட்டது. 1966இல் இவான்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. கோவலன் கதையே மீண்டும் நிகழ்ந்தது எனலாம். இலங்கையில் 1976க்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. தண்டனை விதிக்கப்படுவது மட்டும் நின்றபாடில்லை. உயிர் எஞ்சியிருக்கையில் தவற்றைத் திருத்தக் காலமும் எஞ்சியிருக்கின்றது.

இதுவரை கூறியவற்றைக் கேட்ட அம்மாணவன் மீண்டுமொரு வினா எழுப்பினான். முன்னையதினும் கடினமான வினா அது. “அப்படியென்றால் பிந்துனுவெவவிலும் நீதிமன்றம் செய்தது சரிதானா, சேர்?”

நம் மாவட்டத்தார்க்கு அப்பெயரை விளக்க வேண்டுவதில்லை. வெளியூரில் வாழும் பழைய மாணவர்க்காகக் கூறுகின்றேன். பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் தமிழ் இளைஞர்க்கான புனர்வாழ்வு முகாமொன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாட் காலை, பெருங் கும்பலொன்று அதனுட் புகுந்து, இருபத்தைந்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பொலிசார் அங்கே இருந்தனர். 2003இற் கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூவர் ஆயம், பொலிசு அதிகாரிகள் இருவர் உட்பட ஐவரைக் குற்றவாளிகளெனக் கண்டு மரண தண்டனை விதித்தது. 2005 மே மாதத்துக்குள் அவ்வைவரும் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சான்று போதாது என்பதே விடுவித்ததன் அடிப்படை. பட்டப்பகலில், பல்லாயிரம் கண்கள் காண நிகழ்ந்த அக்கொலைகளுக்காக இன்று தண்டனை அனுபவிப்பவர் ஒருவருமிலர்.

செனவிரத்னவைக் காத்த நெறியே இங்கும் எடுத்தாளப்பட்டது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஐயம் சான்றாகாது என்று வூல்மிங்டனுக்காகவும் கோவலனுக்காகவும் வாதிட்ட நாவினால், நம் பிள்ளைகள் கொல்லப்பட்ட வழக்கில் மட்டும் ஐயமே போதும் என்று கூறுவது எங்ஙனம்? அவ்வாறு கூறின், நாளை நம் தோட்டத்துச் சிறுவன் ஒருவன் கூண்டில் நிற்கும்போது நம் கையில் எஞ்சுவது யாது? இதனை எழுதுகையில் எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் என் கருத்து இது: குறை நெறியில் இல்லை. கும்பலுள் யார் யார் இருந்தனர், யார் எதனைச் செய்தனர், தடுக்க வேண்டியவர் ஏன் தடுத்திலர் என்பவற்றை அன்றே, அவ்விடத்திலேயே, அஞ்சாது தொகுத்து நீதிமன்றின்முன் வைத்திருக்க வேண்டியது புலனாய்வு. நிகழ்ச்சியின் தொடரை விரித்துரைக்கும் சாட்சிகள் இன்றியமையாதவர் என்று 1936இல் ரோச் பிரபு கூறியதை இங்கே நினைவுகூர்க. சிலம்பை உடைத்துக் காட்ட ஒருவர் வேண்டும். வழக்குத் தோற்றது சிலம்பு கொண்டுவரப்படாமையால். உடைத்துக் காட்டுக என்று கேட்ட நீதியால் அன்று. மேன்முறையீட்டில் விடுதலையாதல் எதிரிக்குரிய விடையேயன்றி, மாண்டவர்க்குரிய விடையாகாது. ‘இவர் செய்தார் என்று நிறுவப்படவில்லை’ என்பதற்கும் ‘எவரும் செய்யவில்லை’ என்பதற்கும் இடையே உள்ள வெளியிலேதான் அத்தாய்மார் இன்றும் நிற்கின்றனர்.

நிற்க. மாணாக்கரும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைக் கூறிவிடுகின்றேன். கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971இல் நீக்கப்பட்டது. 1938இன் நீதிமன்றமும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இல்லாதொழிந்தது. இன்று மேல் நீதிமன்றிற் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், அதன்பின் அனுமதி பெற்று உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முதல் மேன்முறையீட்டுக்குரிய காலம் தீர்ப்பு நாளிலிருந்து பதினான்கு நாட்களே. சிறையில் இருப்பவர் சிறை அத்தியட்சகர் வாயிலாகவே மனுவை அளிக்கலாம். சட்டத்தரணி இல்லையென்பது தடையாகாது. 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வறியவர்க்கு உதவும் கடமையுடையது. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களமாயினும், தமிழர் ஒருவர் தமிழில் விளங்கிக்கொள்ளவும் பேசவும் அரசியலமைப்பின்படி மொழிபெயர்ப்பைக் கோரலாம். கோராமல் தலையசைத்துவிட்டு வருவோரையே நான் மிகுதியாகக் கண்டிருக்கின்றேன். நீதிமன்றத்திற் சொன்னது விளங்கவில்லையாயின் விளங்கவில்லை என்று உரக்கச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். வகுப்பறையே அதற்கு முதலிடம். விளங்காததற்கும் தலையசைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகின்றது.

அம்மாணவனுக்கு நான் கூறிய விடை நிறைவளித்ததாகத் தோன்றவில்லை. மணி அடித்த பின்னரும் வாயிலில் நின்று, “பிந்துனுவெவ வழக்கு முடிந்துபோய் விட்டதா, சேர்?” என்றான். அந்த ஐவரைப் பொறுத்தவரை முடிந்தது என்றேன். ஏனைய குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்க இருபது ஆண்டு எல்லை வகுத்த நம் சட்டம், கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் மட்டும் காலவெல்லை எதனையும் வகுக்கவில்லை என்பதையும் கூறினேன். அச்சட்டத்தின் எண்ணைக் கேட்டுக் கையேட்டில் எழுதிக்கொண்டான்: அதே 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், 456ஆம் பிரிவு.